கிங்ஸ்டன் சந்தைக்குப் போற பொடியனுக்கு

தம்பி, வாற சனிக்கிழமை தேம்ஸ் கரைக் கிங்ஸ்டனுக்குப் போறியாம் எண்டு கேள்விப்பட்டன். நல்லது, போ. ஆனால் அதுக்கு இவ்வளவு ஆயத்தமோ? "கட்டாயம் பாக்க வேண்டிய பத்து இடம்" எண்டு போனில ஒரு பட்டியல். எந்தக் கடைக் கோப்பியைக் கையில பிடிச்சால் படம் வடிவா விழும் எண்டு இன்னொரு பட்டியல். முதுகில ஒரு பெரிய பை. ஏன் மோனை, கைலாசத்துக்கே போறாய்? டூட்டிங் பிரோட்வேயில 131 பஸ் ஏறினால் விம்பிள்டன், நியூ மோல்டன் தாண்டிக் கொண்டுபோய் இறக்கி விடுவான். பஸ்ஸுக்குள்ள பாதி எங்கட சனம்.

அது சந்தை ஊர். சந்தைக்குப் போறவன் உமல் கொண்டு போகோணும். உன்ர பட்டியலில படம் எடுக்கிற தடி இருக்கு, உமலைக் காணேல்லை.

அங்க சந்தை கூடுறது நேற்றைய கதை இல்லை. யோன் அரசன் 1208இல குடுத்த பட்டயம் இப்பவும் ஊராரிட்டைப் பத்திரமா இருக்கு. 1628இல முதலாம் சார்ள்ஸ் இன்னொரு பட்டயம் குடுத்தார். ஏழு மைல் சுத்துவட்டத்துக்குள்ள வேற ஒருத்தரும் சந்தை போடப்படாதாம். கெட்டிக்காரத்தனத்தைப் பாத்தியே? எங்கட ஊரில சுன்னாகத்தார் இப்பிடி ஒண்டு வாங்கி வைச்சிருந்தால் திருநெல்வேலியும் மருதனார்மடமும் என்ன பாடு பட்டிருக்கும்! பட்டயம் குடுத்த சார்ள்ஸின்ர தலையை 1649இல வெட்டிப்போட்டாங்கள். சந்தைக்கு ஒண்டும் ஆகேல்லை. தலை போனாலும் வெங்காயம் விக்கத்தானே வேணும்.

சந்தைக்கு நடுவில ஒரு மண்டபம் நிக்கும். 1840இல கட்டினது. அதின்ர முகப்பில பொன் பூசின ஆன் மகாராணி. அவவின்ர சிலை 1706இல செய்தது. அப்ப மண்டபத்தை விடச் சிலைக்கு வயசு கூட. எப்பிடி? பழைய மண்டபத்தை மாத்திக் கட்டேக்க ஆளை மட்டும் கவனமா இறக்கித் திரும்ப ஏத்திப்போட்டாங்கள். பழசு புதுசு எண்டு பட்டிமன்றம் வைக்கேல்லை. நல்லா இருந்தது, வைச்சிருந்தாங்கள்.

இனிக் கல்லுக்கு வருவம். உன்ர பட்டியலில முதலாவது அதுதானே? முடிசூட்டுக் கல். கில்ட்ஹோல் எண்ட நகர மண்டபத்துக்குப் பக்கத்தில, கம்பி வேலிக்குள்ள இருக்கிற ஒரு மணற்கல்லு. பீடத்தில ஏழு சாக்சன் அரசர்மாரின்ர பேர். ஏழு பேரும் இந்த ஊரில முடிசூடினவை எண்டு ஊர் சொல்லும். வரலாற்றுக்காரர் ஏழுக்கும் கையெழுத்துப் போட மாட்டினம். அதெல்ஸ்தான் 925இல இங்க முடிசூடினது உறுதி. முழு இங்கிலாந்தையும் ஒரு குடைக்குக் கீழ கொண்டுவந்த முதல் ஆள் அவன்தான்.

ஆனால் உன்ர பட்டியல் சொல்லாத சங்கதி ஒண்டிருக்கு. அந்தக் கல்லு கன காலம் குதிரை ஏற மிதிக்கிற கல்லாத்தான் கிடந்தது. குதிரைக்காரன் வருவான், கல்லில கால் வைப்பான், ஏறிப் போவான். அரசன் இருந்த கல்லெண்டு ஆரும் நாவூறு கழிக்கேல்லை. 1850இலதான் பெரிய மனுசருக்கு ரோசம் வந்து, பீடம் கட்டி, பேர் வெட்டி, அந்தந்த அரசன் காலத்துக் காசும் பதிச்சவை. இப்ப வேலிக்கு வெளியில நிண்டுதான் பாக்கலாம். தொட ஏலாது, இருக்க ஏலாது, ஏற ஏலாது. கல்லுக்கு எப்ப மரியாதை கூட? வேலை செய்யேக்கையோ, வேலிக்குள்ள இருக்கேக்கையோ? நான் பழைய ஆள், என்னட்டைக் கேளாத.

அந்தக் கல்லு வந்ததாச் சொல்லுற இடத்தைக் கேள். பெரிய கோயிலுக்குப் பக்கத்தில புனித மரியாள் சிற்றாலயம் ஒண்டு இருந்தது. 1730இல இடிஞ்சு விழுந்திட்டுது. உள்ள சவக்குழி வெட்டிக்கொண்டு நிண்ட ஏபிரம் ஹாமர்டன் செத்துப்போனார். கூட நிண்ட மகள் எஸ்தர் தப்பிவிட்டாள். ஊரார் என்ன செய்தவை எண்டு நினைக்கிறாய்? தேப்பன்ர வேலையை அவளுக்கே குடுத்தவை. ஆம்பிளை உடுப்புப் போட்டு, மண்வெட்டி பிடிச்சுக் குழி வெட்டினாள் அந்தப் பெட்டை. 1730இல! மாநாடு இல்லை, பேரணி இல்லை. வேலை தெரிஞ்சவளுக்கு வேலை. ஏழு அரசரை விட எனக்கு அவளைத்தான் பிடிக்கும். அவளுக்கு ஒரு பீடம் கட்டினால் நானே வந்து காசு பதிப்பன்.

எண்டதுக்காக அந்த ஊரை மெத்தப் புகழாத. பதினைஞ்சு வருசம் போய், 1745இல, குயின்ஸ் ஹெட் எண்ட சாராயக்கடையை நடத்தின பெண்ணை வாய்க்காரி எண்டு சொல்லிக் கதிரையில கட்டித் தேம்ஸ் ஆத்துக்குள்ள முக்கினவை. பாக்க ரண்டாயிரம் மூவாயிரம் சனம் கூடினதாம் எண்டு அந்தக் காலப் பத்திரிகை எழுதினது. வாய்க்கார ஆம்பிளையளுக்குக் கதிரை இருந்ததாத் தெரியேல்லை. இப்ப போனைத் தட்டித் தட்டி ஊரைத் திட்டிற உன்ர கூட்டாளியளுக்கெல்லாம் அந்தக் கதிரை போட்டால் ஆத்தில தண்ணி காணுமே?

கிளாட்டர்ன் பாலத்துக்கு மேலால ரண்டு மூண்டு தரம் போவாய், கவனிக்க மாட்டாய். கீழ ஹொக்ஸ்மில் ஆறு. கல்லு வளைவு பன்னிரண்டாம் நூற்றாண்டு. மேல இண்டைக்கும் கார் போகுது. அதுக்கு வேலி இல்லை, டிக்கெற் இல்லை, அதாலதான் உன்ர பட்டியலில இல்லை.

பழைய லண்டன் வீதியில பன்னிரண்டு சிவப்பு டெலிபோன் பெட்டி ஒண்டுக்கு மேல ஒண்டு சரிஞ்சு கிடக்கும். விபத்தெண்டு 999க்கு அடிச்சுப்போடாத. டேவிட் மாக் எண்ட சிற்பி 1989இல செய்த கலை. படிச்சவை அதைப் பற்றி அரை மணித்தியாலம் விளக்குவினம். நாங்கள் உந்தப் பெட்டிக்கு வெளியில குளிருக்குள்ள வரிசையில நிண்டு, காசு போட்டு, "அம்மா, சுகமோ" எண்ட உடன கட்டான ஆக்கள். அது சரிஞ்சு கிடக்கிறதைப் பாக்க எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படேல்லை.

படம் எடுக்கப் போறவன் ஒரு பேரைத் தெரிஞ்சு வை. மைபிரிட்ஜ். 1830இல இந்த ஊரில பிறந்தவர். ஓடுற குதிரையின்ர நாலு காலும் ஒரே நேரத்தில நிலத்தை விடுமோ எண்டு 1878இல கலிபோர்னியாவில வரிசையாக் கமராவை வைச்சு எடுத்துக் காட்டினவர். பிறக்கேக்க பேர் எட்வர்ட் மகரிட்ஜ். அந்த முடிசூட்டுக் கல்லின்ர பீடத்தில வெட்டியிருந்த பழைய எழுத்தைப் பாத்துத்தான் தன்ர முதற்பேரின்ர எழுத்தை மாத்தினார் எண்டு சொல்லுவினம். எண்சாத்திரம் பாத்து ஒரு எழுத்துக் கூட்டிற எங்கட ஆக்களுக்கு அண்ணன் அவர். கடைசியில ஊருக்கே திரும்பி வந்து 1904இல செத்தார். எடுத்த படங்களையும் கருவியளையும் ஊருக்கு எழுதி வைச்சிட்டார். அதெல்லாம் இருக்கிற ஊர் நூதனசாலை திறக்கிற நாளைப் பாத்துப் போ. குதிரையைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பாத்தால், கோப்பியைப் பிடிக்க நீ படுற பாடு உனக்கே சிரிப்பு வரும்.

ரயிலில போனால் சேர்பிட்டனில மாறி இறங்கிப்போடாத. 1838இல ரயில் வந்தநேரம், குதிரை வண்டிப் பிழைப்புப் போயிடும் எண்டு கிங்ஸ்டன்காரர் குறுக்க நிண்டதா ஒரு கதை. ரயில் சுத்திக்கொண்டு சேர்பிட்டன் பக்கத்தால போட்டுது. கிங்ஸ்டனுக்கெண்டு ஒரு ஸ்டேசன் வர 1863 ஆச்சு. கெட்டிக்காரச் சந்தைக்காரனும் சிலநேரம் இப்பிடித்தான் கணக்கை விடுவான்.

சரி, வெளிக்கிடு. வரேக்க எனக்கு ரண்டு லீக்ஸும் கொஞ்சம் பீட்ரூட்டும் வாங்கிவா. விலையைக் கேட்டுப்போட்டு ஒருக்கா முகத்தைச் சுழி. மற்றக் கடைக்குப் போற மாதிரி ரண்டடி வை. கூப்பிடுவான். கூப்பிடாட்டி மற்றக் கடைக்கே போ. படம் அனுப்ப வேண்டாம், லீக்ஸ் வந்தாக் காணும்.