பூஜ்ய வெள்ளிக் கைபேசி

சிங்கப்பூரில் ஐம்பதைத் தாண்டிய குடும்பத் தலைவனைப் பார்த்து, 'நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்' என்று சொல்ல இரண்டே தரப்பினர்தான் இருக்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கடிதம் அனுப்பும் சுகாதாரத் துறையினர் ஒருவர். கைபேசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் தொலைத்தொடர்பு நிறுவனத்தார் இன்னொருவர். முதலாமவர் கேட்பதை ஒரு டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது. இரண்டாமவர் மாதாமாதம் கேட்பார்.

ஒப்பந்தம் என்பது இதுதான்: கைபேசியைக் குறைந்த விலைக்குக் கையில் கொடுத்துவிட்டு, மீதியைச் சந்தாவோடு சேர்த்து 24 மாதத்துக்குக் கறந்துகொள்வார்கள். அது முடியச் சில மாதம் இருக்கும்போதே 'ரீகான்ட்ராக்ட் செய்யலாம், வாருங்கள்' என்று குறுஞ்செய்தி வந்துவிடும். அந்தச் செய்தி எனக்கு வந்த விஷயம் எனக்கு முன்னால் வீட்டில் எல்லாருக்கும் எப்படித் தெரிகிறது என்பதை நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

அதுவரை கல்லுக்குண்டாட்டம் இருந்த என் கைபேசிக்கு அன்றைக்கே சீக்கு வந்துவிடும். காலையில் அதே பேசியில்தான் தேக்கா ஈரச்சந்தையிலிருந்து வஞ்சிர மீனைப் படமெடுத்து அனுப்பி, வீட்டம்மாவின் ஒப்புதல் வாங்கியிருப்பேன். மாலையில் மகன் அதைக் கையில் எடுத்து, நாடி பிடித்துப் பார்க்கிற டாக்டரின் முகத்தோடு, "அப்பா, இது ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா" என்பான். என் முழங்கால் வலிக்கு இந்த முகத்தை அவன் காட்டியதில்லை.

அடுத்தது குடும்ப ஆலோசனைக் கூட்டம். வீவக வீட்டில் கூடத்தைத் தவிர வேறு இடமில்லாததால் யாரும் தப்பிக்க முடியாது. மகனுக்கு 120 ஹெர்ட்ஸ் திரை வேண்டும். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொள்வது அவனுக்குப் போதவில்லையாம். மகளுக்குக் கைபேசியின் நிறம்தான் முக்கியம். வாங்கின அன்றே அதை உறை போட்டு மூடிவிடுவாள் என்பது வேறு விஷயம். மனைவிக்கு நல்ல கேமரா வேண்டும். அம்மாவுக்கு மணி சத்தமாக அடிக்க வேண்டும், எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். எனக்கு? வேலை முடிந்து எம்ஆர்டியில் வீடு வந்து சேரும்வரை சார்ஜ் நின்றால் போதும் என்றேன். "அதுக்கு எதுக்குப்பா புது ஃபோன்?" என்று மகன் கேட்டான். புது ஃபோன் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தவனும் அவன்தான். எனவே நான் கூட்டத்தின் செலவுக்குப் பொறுப்பாளன் மட்டும் என்று தெளிவாகி, வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்குப் போனோம். வரிசை எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், சுவர் நிறைய '0 வெள்ளி' என்று எழுதியிருக்கிறது. பூஜ்யத்தின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனால், சுவரொட்டியின் அடியில், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாலும் பிடிபடாத அளவில் ஏழெட்டு வரி.

"அங்கிள், 200 மெகாபிக்சல்" என்றான் விற்பனை இளைஞன். கேமராவை அறிமுகப்படுத்துகிறானாம். 2023-ல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவிலிருந்து இந்த எண் பிரபலம். இருபது கோடிப் புள்ளிகள்! ஆனால் சாதாரணமாகப் படமெடுத்தால் பதினாறு பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்சல் படமாகத்தான் அது கொடுக்கும். வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் தெளிவாக வர அந்த ஏற்பாடு. பதினாறு பேர் பார்த்த வேலையை ஒருவர் பெயரில் சமர்ப்பிப்பது எங்கள் அலுவலகத்தில் நடைமுறையில் இருப்பதால், இது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

விளங்காதது, இத்தனை புள்ளிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பதுதான். என் கைபேசிப் படத்தொகுப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கார் நிறுத்திய இடத்துத் தூணின் எண். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை, முன்பக்கமும் பின்பக்கமும். பொன்னி அரிசி மூட்டையின் விலைச்சீட்டு. மறுபடி ஒரு தூண். நடுவே ஒரே ஒரு மனித முகம்: படம் எடுக்கப்போய்க் கேமரா என் பக்கம் திரும்பிக்கொண்டதில் விழுந்த என் முகவாய்க்கட்டை. இதை இருபது கோடிப் புள்ளிகளில் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

"தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது அங்கிள், ஐபி68" என்றான் அடுத்து. இதில் 6 தூசுக்கு, 8 நீருக்கு. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பல கைபேசிகளில் சொல்கிறார்கள். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். எங்கள் வீட்டில் கைபேசி விழுவது ரசத்தில். ரசத்துக்கு எண் உண்டா என்று கேட்டேன். அவன் சிரித்தான், மனைவி சிரிக்கவில்லை. போகட்டும், தண்ணீர் புகுந்து கெட்டுப்போனால் உத்தரவாதத்தில் பழுது பார்த்துக் கொடுப்பீர்களா என்றால், பெரும்பாலும் அதற்கு இடமில்லை. தாங்கும், ஆனால் தாங்காவிட்டால் எங்களைக் கேட்காதே! கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு பக்குவமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெட்டியைத் திறந்தால் சார்ஜர் இல்லை. 2020-ல் ஐஃபோன் 12 வந்தபோது, சுற்றுச்சூழலைக் காப்பதற்காகப் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டோம் என்றார்கள். அதைக் கிண்டலடித்த சாம்சங்கும் அடுத்த ஆண்டே தன் எஸ்21 வரிசையில் எடுத்துவிட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் எல்லாக் கைபேசிக்கும் ஒரே வாய் வேண்டும் என்று சட்டம் போட, 2023-ல் ஐஃபோன் 15 யூஎஸ்பி-சிக்கு மாறியது. நல்ல சட்டம்தான். அதன் பலனாக எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய வாய்க்கான கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அநாதையாகக் கிடக்கின்றன.

விற்பனை இளைஞன் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், வரிசை எண் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். மாதம் 75 வெள்ளித் திட்டம், கைபேசி பூஜ்யம். 24 மாதத்துக்கு 1,800 வெள்ளி. அதே கைபேசியைத் தனியாக வாங்கினால் 900. ஒப்பந்தமே இல்லாத 'சிம் மட்டும்' திட்டம் மாதம் 18 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 24 மாதத்துக்கு 432. இரண்டும் சேர்ந்து 1,332. நிறுவனம் மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் வசதி 2008 முதலே இங்கு இருக்கிறது. ஆக 1,800-க்கும் 1,332-க்கும் இடையே 468 வெள்ளி. சுவரில் '0' என்று எழுதியிருந்தது இந்த 468-ஐத்தான்.

சீட்டை மனைவியிடம் நீட்டினேன். கூட்டலைச் சரிபார்த்தார். "பரவாயில்லையே, சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். எங்கள் மணவாழ்வில் இது சாதாரண வாக்கியமல்ல. நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது: "அப்ப மிச்சமாகிற 468-ஐயும் போட்டு, அதுக்கு மேல உள்ள மாடலையே வாங்கிடலாம்ல?"

மகன் தன் தாயைப் பெருமையோடு பார்த்தான். வாங்கினோம்.

புதுக் கைபேசி யாருக்கு என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வாரிசுரிமைச் சட்டம் உண்டு. புதியது மகனுக்கு, அவனுக்குத்தான் படிப்புக்கு வேண்டும். அவனுடையது மகளுக்கு. மகளுடையது மனைவிக்கு. மனைவியுடையது, திரையின் ஓரத்தில் ஒரு கீறலும் 'ஒரு தடவைதான் கீழே விழுந்துச்சு' என்ற சான்றிதழுமாக எனக்கு. என்னுடையது அம்மாவுக்கு. அதற்கப்புறம் இழுப்பறை. அங்கே ஒரு நோக்கியா 3310 'அவசரத்துக்கு' என்று பத்திரமாக இருக்கிறது. சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் யாரையும் கூப்பிட முடியாது. அவசரம் வந்தால் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டு காத்திருக்கலாம்.

இந்தச் சொத்து மாற்றத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி வங்கியால் வந்தது. மோசடிகள் பெருகியதையடுத்து, 2022 முதல் புதுக் கருவியில் வங்கியின் மின்னிலக்க டோக்கன் உயிர்பெறக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வீட்டில் யார் எதற்குப் பணம் கேட்டாலும், "டோக்கன் இல்லையே" என்று இரண்டு கையையும் விரித்தேன். குடும்பத் தலைவனாகிய நாளிலிருந்து நான் இவ்வளவு அமைதியாகத் தூங்கியதில்லை.

விளையாட்டு இருக்கட்டும். கைபேசி நம் அவசியத்துக்கு மாறுவதில்லை, நாள்காட்டிக்கு மாறுகிறது. கூகுள் தன் பிக்சல் 8-க்கு 2023-லும், சாம்சங் எஸ்24-க்கு 2024-லும் ஏழாண்டு மென்பொருள் மேம்பாடு தருவதாக அறிவித்தன. பொருளின் ஆயுள் ஏழு, ஒப்பந்தத்தின் ஆயுள் இரண்டு. நடுவில் உள்ள ஐந்தாண்டில்தான் பலர் பிழைப்பு நடத்துகிறார்கள். பெரும்பாலான பேசிகளில் முதலில் தேய்வது மின்கலம் மட்டுமே. ஐஃபோன் 14 வரையிலான பேசிகளில் 500 முழுச் சுழற்சிக்குப் பிறகும், 15-லிருந்து 1,000 சுழற்சிக்குப் பிறகும் மின்கலம் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. அதை மாற்ற நூற்றுச் சொச்சம் வெள்ளி போதும். இந்த விவரத்தை எந்தக் குறுஞ்செய்தியும் நமக்குச் சொல்லாது. ஏனென்றால் அதில் '0' போட இடமில்லை.

ஆகவே அன்பர்களே, ஒப்பந்தம் முடிகிறது என்று செய்தி வந்தால் முதலில் மின்கலத்தை விசாரியுங்கள். இழுப்பறையில் தூங்குகிற பழைய பேசிகளை மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். 2021 ஜூலையிலிருந்து அதற்கென்றே நாடு முழுக்க ஏற்பாடு இருக்கிறது. அப்புறமும் புதியது வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். வேண்டாமென்று சொல்லும் அதிகாரம் என் வீட்டிலேயே எனக்கு இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மாதச் சந்தாவை 24-ஆல் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். வாய்க்கணக்கு வராதவர்களுக்குக் கைபேசியிலேயே கணிப்பான் இருக்கிறது. பழைய கைபேசியிலும் இருக்கிறது.