நடுங்குவது யார்: சக்கரமா, எஞ்சினா?

கேள்வி (லாசுப்பேட்டை): கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. தாண்டினால் பழைய புல்லட் உலுக்குகிறது. எஞ்சினைப் பிரிப்பதா, வண்டியை விற்பதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. உலுக்கும் அதே வேகத்தில் நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு இறக்கினால், சக்கரம் முன்போலவே சுழல, எஞ்சின் மட்டும் கூடுதலாகச் சுழலும். ஆகவே உலுக்கல் மாறாமல் நீடித்தால் சக்கரம், டயர், ஸ்போக்ஸ் ஆகியவற்றையும், அதன் தன்மை மாறினால் எஞ்சினையும் அதைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் சந்தேகிக்க வேண்டும். ஷாக் அப்சார்பர், கோன் செட் (ஹேண்டில்பார் கழுத்திலுள்ள பேரிங்), செயின் ஸ்பிராக்கெட் என வரிசையாக மாற்றிப் பணம் தீர்ந்தபின் டயரைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியமே ஊரில் பரவலாக நடக்கிறது.

கேள்வி (முத்தியால்பேட்டை): சக்கரம்தான் என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காற்றிலிருந்து. எல்லைக்கு அப்பாலிருந்தும் மக்கள் தேடி வரும் புதுச்சேரியின் மலிவான பெட்ரோலோடு காற்றும் தாராளமாக அடைக்கப்படுகிறது. பழைய புல்லட்டுக்கு, டயர் சூடேறாத நிலையில், முன்னே ஏறத்தாழ 20 பவுண்டும் பின்னே 30 பவுண்டும் போதும் என்றிருக்க, இரண்டிலும் 40 ஏற்றினால் டயர் கல்லாகிவிடும். அடுத்து டயரின் வயது: பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதால், 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது, பட்டன் தேயவில்லை என்பதற்காக அதை இளமை என்று கொள்ளலாகாது. பிறகு மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோர்க்கில் சாக்குக்கட்டியை ஊன்றி ரிம்மை ஒட்டிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், பெண்டு இருக்கும் இடத்தில் மட்டும் கோடு விழும். ஸ்போக்ஸைச் சிறு ஸ்பேனரால் தட்டுகையில் இறுக்கமானது கணீரென்றும் தளர்ந்தது டொக்கென்றும் ஒலிக்கும். ஆனால் கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் நிப்பிள், அதாவது ஸ்போக்ஸை ரிம்மோடு பிணைக்கும் சிறு திருகு, துருவேறி இறுகியிருக்கும் என்பதால், எண்ணெய் விட்டு ஊறவைக்காமல் திருகினால் ஸ்போக்ஸே முறியும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கின் அடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்தில் 'டக்' என்று தட்டினால் மட்டுமே கோன் செட்டின் முறை வருகிறது.

கேள்வி (அரியாங்குப்பம்): புல்லட் என்றால் அதிரத்தானே செய்யும்? எவ்வளவு அதிர்ந்தால் நோய்?

பதில்: 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோர்த்துத் திருவொற்றியூரில் வேரூன்றச் செய்த அந்த 346 சி.சி. எஞ்சினில், 70 மி.மீ. அகலச் சிலிண்டருக்குள் ஒற்றைப் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குகிறது; அந்த ஆட்டத்தை எதிர் எடையால் முழுமையாக அடக்கினால் அது முன்பின் ஆட்டமாக மாறும் என்பதால், பாதியை அடக்கி மீதியை ஓட்டுநரின் உள்ளங்கைக்கு விட்டிருக்கிறார்கள். அதிர்வைத் தணிக்கத் தனியாகச் சுழலும் பேலன்சர் தண்டு, ராயல் என்ஃபீல்டின் 350 வண்டிகளுக்கு 2020-இல் மீட்டியர் மாடலோடுதான் வந்தது. ஆகவே பழகிய அதிர்வு குணம். நேற்று இல்லாமல் இன்று முளைத்த அதிர்வே நோய், அதற்கு முதல் மருந்து எஞ்சின் போல்ட்டுகளை ஸ்பேனரால் ஒரு சுற்றுப் பார்ப்பது.

கேள்வி (முதலியார்பேட்டை): பள்ளம் வரும்போதெல்லாம் மனைவிதான் குறைகூறுகிறார், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: ஓட்டுபவர் பள்ளத்தைக் கண்டு உடலைத் தயார்செய்துகொள்கிறார், பின்னிருப்பவரோ எதையும் காணாமல், ஏறத்தாழப் பின்சக்கரத்துக்கு மேலேயே அமர்ந்திருக்கிறார். எனவே அவர் சொல்வதை அளவுகருவியின் வாசிப்பாகக் கொண்டு, சீட்டை அமுக்கி விட்டுப் பார்க்க வேண்டும்: எழுந்து ஒரே ஆட்டத்தில் நின்றால் ஷாக் நலம், பலமுறை துள்ளினால் அதன் எண்ணெய் போய்விட்டது, அமுங்கவே மறுத்தால் ஸ்பிரிங்கின் அடியிலுள்ள வளையம் கடைசிப் படிக்கு ஏற்றப்பட்டிருக்கலாம், அதை இறக்கும்போது இரு பக்கமும் ஒரே படியில் நிறுத்த வேண்டும்.