மாற்றுப் போஸ்டர்க்காரர்

காதல் படம் ஒன்று வெளியாகி, ஓட வேண்டிய நாள் ஓடி, தியேட்டரை விட்டும் போய், தயாரிப்பாளரே அதன் வரவு செலவுக் கணக்கை மூடி வைத்துவிட்ட பிறகு, யாரும் கேளாமல், யாரும் கூலி கொடாமல், இராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்து அந்தப் படத்துக்குப் புதிதாக ஒரு போஸ்டர் வரைகிற ஒரு ரக மனிதர் நம்மிடையே உற்பத்தியாகியிருக்கிறார். பகலில் இவர் ஒரு விளம்பரக் கம்பெனியில் பற்பசையையும் வீட்டுமனையையும் விற்றுக் கொடுத்து ஜீவனம் செய்பவர். சிரிக்கும் முகங்களை நாள் முழுவதும் வெட்டி ஒட்டிச் சலித்துப்போன காரணத்தாலோ என்னவோ, இரவில் தமக்காக வரைய உட்கார்ந்தால், மனிதனுக்கு முகம் என்று ஓர் அவயவம் உண்டு என்பதையே இவர் அங்கீகரிப்பதில்லை.

ஊரறிந்த சினிமா போஸ்டரின் தர்மம் வேறு. பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறவன் சுவரைக் கடக்கும் அந்த ஒரு க்ஷணத்தில், நடிப்பவர் இன்னார், தியேட்டர் இன்னது என்று தெரிந்துகொண்டாக வேண்டும்; ஆகையால் கதாநாயகன் முகம் முழுச் சுவருக்கும், கதாநாயகி முகம் அதில் பாதிக்கும், ஹாஸ்ய நடிகர் முகம் ஓரத்துக்குமாக, ஏறக்குறைய சம்பளப் பட்டியலின் கிரமத்திலேயே அச்சாகி வரும். மவுண்ட் ரோட்டில் ஆளுயரத்தைப்போல் பத்து மடங்கு உயரத்தில் கையாலேயே வரைந்து நிறுத்திய கட்அவுட்டுகளும் இதே தர்மத்தைத்தான் அனுசரித்தன. அவற்றைத் துரத்திவிட்டு வந்த பிளெக்ஸும் அதையே அனுசரிக்கிறது.

நம்மவருடைய சித்தாந்தமோ இதற்கு நேர் விரோதம். அவர் வரைந்ததைப் பார்த்தால், படத்தை முன்பே பார்த்தவனுக்கு மட்டுமே விளங்க வேண்டும். 'மௌன ராகம்' என்றால் ஒரு ரயில். 'அலைபாயுதே' என்றால் அதுவும் ஒரு ரயில்தான். ஆனால் அது மின்சார ரயில் என்பதை அதன் ஜன்னல் கம்பிகளைக் கொண்டு ரசிகன் யூகித்துக்கொள்ள வேண்டும். 'விண்ணைத்தாண்டி வருவாயா' என்றால் ஒரு வீட்டு வாசல் கேட். காதலர்கள் எங்கே என்று கேட்டால், "கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் சார், ரெண்டு பேரும் ஃபிரேமுக்கு வெளியில் இருக்காங்க" என்று சமாதானம் வரும். படத்தைப் பார்க்காதவன் இதை நம்பி டிக்கெட் வாங்கப்போவதில்லை. பார்த்தவனுக்கோ டிக்கெட்டே வேண்டியதில்லை. ஆயினும், அந்தக் கேட்டைக் கண்டதும் "அட!" என்று வாய்விட்டுச் சொல்லும் ஒருவன் இருக்கிறானே, அந்த ஒருவனுக்காகவே இவர் தூக்கத்தைத் தியாகம் செய்கிறார். அப்படி 'அட' சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதால், இவரைப் பரிகாசம் செய்யும் உரிமை எனக்கு முழு அளவில் கிடையாது.

இவரிடம் போலந்து தேசத்தைப் பற்றி மட்டும் வாயெடுக்கக் கூடாது. எடுத்தால், கம்யூனிஸ்டு ஆட்சியில் அங்கே சினிமா விநியோகம் சர்க்கார் கையில் இருந்ததையும், நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் நிர்ப்பந்தம் இல்லாததால் ஓவியர்கள் மனம்போல் வரைந்ததையும், 1968-ல் வார்ஸாவின் விலானூவ் பகுதியில் போஸ்டருக்கென்றே ஒரு மியூசியம் திறந்ததையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' படத்துக்கு அமெரிக்காவில் ஸால் பாஸ் சுழல் வரைந்தார். போலந்தில் 1963-ல் ரோமன் செஸ்லெவிச் ஒரு மண்டையோட்டையே வரைந்து வைத்தார். ஒரு பெண்ணின் பின்னாலேயே ஊரெல்லாம் சுற்றுகிறவனைப் பற்றிய படத்துக்கு மண்டையோடு! இந்தச் செய்தியை இவர் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிடும். அந்த ஓவியர்களுக்குச் சர்க்கார் கூலி கொடுத்தது என்ற இடம் வரும்போது இன்னும் கொஞ்சம் தழுதழுக்கும்.

திரை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாக ஒரு திரை கட்டி, தனியாக மை இழுக்க வேண்டும். செலவுக்குப் பயந்தே அப்படிப் போஸ்டர் அச்சடித்தவர்கள் மூன்று நான்கு வண்ணங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். இவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்ணங்கள் சல்லிக்காசு செலவில்லாமல் காத்திருக்கின்றன. அத்தனையையும் துறந்து மூன்றே மூன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறார் என்றால், சந்நியாசத்துக்கு வேறு என்ன லக்ஷணம் வேண்டும்? ஆனால் அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வைபவம் இருக்கிறதே, அது வரன் பார்ப்பதைவிட நீண்ட காரியம்.

'96' படத்துக்கு இவர் வரைந்த சமயம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. 2018-ல் வந்த அந்தப் படத்தில், தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சந்தித்து, சென்னையில் ஓர் இரவைப் பேசியே கழித்துப் பிரிகிறார்கள். ஜானு உடுத்திவந்த மஞ்சள் குர்தா படத்தைவிடப் பிரசித்தமாகிவிட்டது என்று சொன்னாலும் தகும். காதலர்கள் கட்டிக்கொள்ளாத காதல் படம். முகம் வரையாத ஓவியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மடித்து வைத்த குர்தா ஒன்று, அதைச் சுற்றி வெறும் இருட்டு, அவ்வளவே என்று தீர்மானித்து, படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, திரையிலிருந்து வண்ணத்தை உறிஞ்சியெடுக்கும் கருவியைக் குர்தாவின்மேல் வைத்து அழுத்தினார். வந்தது மஞ்சள் அல்ல. ஊறிப்போன புளியின் நிறம். தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சியாகையால் காமிராவுக்கு அகப்பட்டது அதுதான். மஞ்சள் என்று நாம் கண்டதெல்லாம் நம் மனம் பூசியது. அன்றிரவு கடுகு, எலுமிச்சை, சாமந்தி, கொன்றை என்று எத்தனையோ மஞ்சள்கள் வந்து நின்று நிராகரிக்கப்பட்டன. இடையில் காபி கொண்டுவந்த அவருடைய தாயார் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, யாரோ துணியை மடிச்சு வச்சிட்டுப் போயிருக்காங்க, அதையா இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருக்கே?" என்றார். நான் படித்த '96' விமர்சனங்களில் எதுவும் கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

மஞ்சள் அகப்படாத விரக்தியில் குர்தாவையும் துறந்துவிட்டு, ஒன்பதும் ஆறும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும்படி எண்களை மட்டும் வரைந்து, அச்சடித்து, கண்ணாடிச் சட்டமும் போட்டு ஹாலில் மாட்டச் செய்தார். தலைகீழாகத் திருப்பினாலும் அது 96 என்றே நிற்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஆணி அடித்த தச்சர் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனதை, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது, சட்டத்தின் அடியில் கையெழுத்து கவிழ்ந்து கிடப்பதைக் கண்டுதான் வீட்டார் அறிந்தார்கள். நம்மவர் வருந்தியதாகத் தெரியவில்லை. அதைத் தம் கலையின் வெற்றி என்றே இன்றும் சாதிக்கிறார்.

சென்ற தை மாதம் ஒரு நண்பருடைய கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வரையும் பொறுப்பு இவரிடம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் காதலித்துக் கைப்பிடிப்பவர்கள் என்பதால், சாத்திய கதவொன்றின் வெளியே இரண்டு ஜோடிச் செருப்புகளை வரைந்து கொடுத்தார். பெண்ணின் தகப்பனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "தம்பி, நல்ல காரியத்துக்குச் செருப்பா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். மறு வாரமே பிள்ளையாரும் குத்துவிளக்கும் பளபளக்கச் சிவகாசி அழைப்பிதழ் வீடு வீடாகப் போய்விட்டது. எனக்கு வந்ததை நம்மவர் கையில் வாங்கிப் பார்த்தார். பிள்ளையாரை அவர் லட்சியம் செய்யவில்லை, நான்கு மூலைகளிலும் தடவியிருந்த மஞ்சளை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுதான் சார் அந்தக் குர்தா!" என்று கூவி, ஸ்கேன் செய்து தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். முகூர்த்த நேரத்தை நான் வேறொருவரிடம் விசாரித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.