ஹைடுக்கு வந்த வாழ்வு

ஸ்டீவன்சன் 1886-இல் வெளியிட்ட கதையில், டாக்டர் ஜெக்கில் மருந்து குடித்ததும் மாறும் கெட்ட உருவமான ஹைடு ஒரு குள்ளன். டாக்டர் ஜெக்கிலின் கோட்டு அவனுக்குத் தொளதொளவென்று தொங்கும். கால்சட்டை தரையில் புரளாமல் இருக்க மடித்துவிட்டுக்கொள்வான். இத்தனை காலம் நல்லவனாகவே இருந்ததில் கெட்ட பாதிக்கு உடற்பயிற்சி போதவில்லை, அதனால்தான் வளரவில்லை என்று ஜெக்கிலே விளக்கமும் தருகிறார்.

சினிமாக்காரர்கள் அவனை ஊட்டி வளர்த்துவிட்டார்கள். 1963-இல் வந்த நகைச்சுவைப் படத்தில் ஜெர்ரி லூயிஸ் மருந்தைக் குடித்ததும் பல் நீட்டிய பேராசிரியர் மறைந்து, தலையில் எண்ணெய் மினுங்கும் மைனர் வந்து நிற்கிறார். 1971-இல் ஹாமர் படக் கம்பெனி ஹைடைப் பெண்ணாகவே ஆக்கியது. 2007-இல் பிபிசி தொடரில் ஜெக்கிலின் இடத்தில் வரும் ஜாக்மனும் ஹைடும் ஓர் உடம்பை முறைவைத்து அனுபவிக்கிறார்கள். ஒருவர் போகும்போது மற்றவருக்குச் செய்தியைக் குரலில் பதிந்துவைத்துவிட்டுப் போகிறார். தண்ணீர் மோட்டாருக்கு முறை வைத்துக்கொண்ட மாடிவீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் தோற்றார்கள்! 2017-இன் 'தி மம்மி'யில் ரஸ்ஸல் குரோவின் ஜெக்கில் ஊசி போட்டுக்கொண்டே ஒரு ரகசிய அமைப்பை நிர்வகிக்கிறார். கெட்டவன் உள்ளே இருப்பது இப்போது மேலாளர் பதவிக்குக் கூடுதல் தகுதி போலிருக்கிறது.

மூலக்கதையில் ஜெக்கிலைக் கவிழ்த்தது காதலும் இல்லை, போலீசும் இல்லை, உப்பு. மருந்தில் கலக்க முதலில் வாங்கிய உப்பு தீர்ந்துபோகிறது. லண்டன் மருந்துக்கடைகளையெல்லாம் சலித்தும் அதேபோல் கிடைக்கவில்லை. அந்த முதல் சரக்கில் ஏதோ கலப்படம் இருந்திருக்க வேண்டும், அதுதான் வேலை செய்திருக்கிறது என்று கடைசியில்தான் அவருக்கு உறைக்கிறது. புதிய உப்பு சுத்தம். அதனால் பலிக்கவில்லை.