பந்து காத்த அண்ணன்

செஞ்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகிரி மலை தெரிகிற திடலில் நாலைந்து ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு குழுவின் மிட் ஆன் நிற்கிற இடத்தில் இன்னொரு குழு ஸ்டம்பு நட்டிருக்கும். எல்லார் கையிலும் ஒரே மாதிரி டென்னிஸ் பந்து. இந்த நெரிசலில் எது யார் பந்து என்று நாங்கள் தடுமாறுவோம். ஒருநாளும் தடுமாறாதவர் எங்கள் அண்ணன் ஒருவர்தான். அவருடைய அருமையை இதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறை என்னோடு தீரட்டும்.

முதலில் அவருடைய சொந்தப் பந்தைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வாங்கியது, இன்றைக்கும் கடையில் இருந்த நிறம் மாறாமல் இருக்கிறது. அதில் பெர்மனென்ட் மார்க்கரால் தன் பெயரை முழுசாக எழுதியிருக்கிறார். டென்னிஸ் பந்தில் பெயர் எழுதுவது லேசில்லை. மேலே இருக்கிற கம்பளி மையை உறிஞ்சி எழுத்தைப் பரப்பிவிடும். நாலு ஓவர் போட்டால் மண்ணில் தேய்ந்து பாதி போய்விடும். ஒரு மாதத்தில் பந்தே மொட்டையாகிவிடும். அண்ணன் பந்தில் ஒரு புள்ளிகூட மங்கவில்லை, ஏனென்றால் அது தரையைத் தொட்டதே இல்லை. "என் பந்தை எடுக்கவாடா?" என்று வாராவாரம் அவர் கேட்கத் தவறுவதில்லை. கேட்டபடியே பையின் ஜிப்பில் கை வைப்பார். அதற்குள் ஏதாவது ஒரு சின்னப் பையன் தன் பந்தை நீட்டிவிடுவான். பெரியவர்களின் பொருள் தேயக் கூடாது என்கிற மரியாதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது.

அவருடைய உழைப்பும் சாதாரணமில்லை. அடித்தவன்தான் போய் எடுக்க வேண்டும் என்பது எங்கள் திடலின் சட்டம். அண்ணன் அதைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்திவிட்டார். யார் அடித்தாலும், ஆட்டம் முடிந்தபின், கருவேல முள்ளுக்குள்ளும் மல்லாட்டைக் கொல்லையிலும் தனியாளாக நுழைந்து அவரே தேடுகிறார். பக்கத்து ஆட்டத்திலிருந்து உருண்டு வருகிற பந்தையும் வேற்றுமை பார்க்காமல் எடுத்துக்கொள்கிறார். பெயர் எழுதாத பந்து திடலில் அநாதையாகக் கிடக்க அவர் மனம் ஒப்பாது. அப்படி அவர் பையில் அடைக்கலமான பந்துகளுக்கு அதற்குப்பின் வெயில், மழை, மட்டை அடி எதுவும் இல்லை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பந்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'மு' என்று ஒரே ஓர் எழுத்துப் போட்டிருந்தான். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மு-ன்னு ஊர்ல நூறு பேர் இருக்கான். அடையாளம்னா முழுசா இருக்கணும் தம்பி" என்றார். பையன் தலையை ஆட்டினான். பந்து பைக்குள் போயிற்று. எழுத்தின் மேல் இத்தனை கறார் காட்டுகிற ஆசிரியர் அவன் படிக்கிற பள்ளியில்கூட இருக்க மாட்டார். அந்தப் பாடத்துக்குப் பிறகு அவன் ஆட வரவில்லை.

ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்குகிற பொதுப் பந்துக்கும் அவரிடம் தீர்ப்பு உண்டு. பொதுப் பந்து எல்லாருக்கும் சொந்தம், எல்லாரிலும் தானும் ஒருவர், ஆகவே பந்து தன்னிடம் இருப்பதில் தவறில்லை. நாங்கள் பந்துக் காசு வசூலிக்கும் நேரத்தில் அவருக்கு எப்போதும் ஒரு போன் வந்துவிடும். இருந்தாலும் அந்தப் பந்தைக் காக்கிற பொறுப்பை அவர் தட்டிக்கழித்ததில்லை.

உலகம் இந்த விஷயத்தில் வீணாகச் சிரமப்படுகிறது. கோல்ஃப் விதி, ஆட்டக்காரர் தன் பந்தில் அடையாளம் போட்டுக்கொள்ளும்படி அறிவுறுத்துகிறது. ஸ்ட்ரோக் ப்ளேயில் பிறர் பந்தை அடித்தால் இரண்டு அடி தண்டனை. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், எடை ஏறக்குறைய நம் கிரிக்கெட் பந்தளவு. பொதுப் பயிற்சியில் பலர் கொண்டுவருகிற பக்குகள் ஒரே பனித்தளத்தில் கலந்துவிடும் என்பதால், பெயர் எழுதிவைத்து, முடிந்தபின் பார்த்துப் பிரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. கிரிக்கெட்டின் நாலாம் சட்டமோ ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் ஒவ்வோர் இடைவேளையிலும் நடுவர் பந்தை வாங்கிவைக்கச் சொல்கிறது. அண்ணன் ஒருவர் இருந்தால் இத்தனை பேருக்கும் வேலை மிச்சம். தொலைந்த பந்துக்கென்று தனியாக இருந்த சட்டத்தை 2017இல் எம்சிசி எடுத்துவிட்டது. எங்கள் திடலை ஒரு காலை பார்த்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டில் மட்டுமில்லை, எங்கள் ஊர்க் கோட்டையின் கதையிலும் அண்ணன் இல்லாத குறை தெரிகிறது. யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் கல்யாண மகாலைக் காட்டுவோம், அடுத்து நெற்களஞ்சியத்தைக் காட்டுவோம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வளைத்துக் கிடந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடித்ததில், சேர்த்துவைத்த தானியத்துக்கும் பங்கு இருந்திருக்கும். அந்தக் களஞ்சியத்தின் சாவி எங்கள் அண்ணனிடம் இருந்திருந்தால் எட்டாண்டு முற்றுகை எட்டே நாளில் முடிந்திருக்கும். எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்! முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் அவருக்கு ஒரு யானையாவது பரிசு கொடுத்திருப்பார்.

சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அப்படிப்பட்ட அலைச்சல் எங்கள் பிள்ளைகளுக்கு வராமல் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். பந்து இருந்தால்தானே வீசிப் பழகுவார்கள், வீசிப் பழகினால்தானே யாராவது பார்ப்பார்கள்! இப்போது திடலின் ஓரத்தில் மொட்டைப் பந்து ஒன்றைப் பத்துப் பேர் முறை வைத்து வீசுகிறார்கள். தன் முறைக்காகக் காத்திருக்கிறவன் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறான்.

அண்ணா, வருகிற ஞாயிறும் ஆறு மணிக்குத் திடலுக்கு வாருங்கள். உங்கள் பந்து பையிலேயே இருக்கட்டும், அதை யாரும் கேட்கப்போவதில்லை. 'மு' போட்ட பந்தையும் பெயரில்லாத மற்ற பந்துகளையும் கொண்டுவந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.