ஏரிக்கும் மே மாதம்தான் லீவு

ரியல் எஸ்டேட்காரர்களின் பூகோளத்தில் 'சென்னைக்கு மிக அருகில்' என்பது திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரம் ஜங்ஷன் வரை நீளும். சாதாரண பூகோளத்தில் திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் 160. இதை டி.வி.யில் சொல்கிறவர்கள் சீரியல்களில் நல்ல மாமனாராக வருகிறவர்கள். மருமகளுக்காக அத்தனை அழுதவர் நம்மிடம் பொய் சொல்வாரா என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

எனக்கு ரிட்டயர்மென்ட் பணம் வரவிருந்த சமயம். இந்த மாதிரிப் பணம் வரும் தேதி, அதைப் பெறுகிறவனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மனை விற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வாசலில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரை. 'லேக் வியூ' மனைகள். நோட்டீஸில் ஏரி நீலமாக இருந்தது. அதில் பாய்மரப் படகு வேறு. கரையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு குடும்பம் கைகளை விரித்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் புக் செய்கிறவர்களுக்குத் தங்கக் காசு, பத்திரச் செலவு இலவசம், சைட் பார்க்க ஏ.சி. வேன், மதியம் பிரியாணி.

"ஏங்க, கொடைக்கானல்ல வாங்க நமக்கு வக்கு இல்ல. இங்கயாவது ஒரு ஏரி பார்த்து வாங்கிப் போட்டா, லீவுக்குப் பேரன் வந்து இருப்பான்" என்றாள் மனைவி. கொடைக்கானல் ஏரியின் கதை அவளுக்குத் தெரியாது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் தன் செலவிலேயே அதை உருவாக்கினார். ஏரிக்கரையில் வீடு வேண்டுமென்றால் ஏரியையும் கையோடு செய்துகொள்வதுதான் பத்திரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வேனில் டை கட்டிய ஒரு தம்பி வந்தார். ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் டோல்கேட்டில் பேச ஆரம்பித்தவர் ஆத்தூர் டோல்கேட்டுக்குள் எங்களை அரைக் கோடீஸ்வரர்கள் ஆக்கிவிட்டார். சிப்காட் இருக்கிறது, பாண்டிச்சேரி பக்கம், ஜிப்மர் பக்கம், திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் வரப்போகிறது. அந்த ரயில் பல பட்ஜெட்டுகளாக வந்துகொண்டே இருப்பது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏ.சி. நன்றாக வேலை செய்ததால் யாரும் குறுக்கே பேசவில்லை.

பாவம், அவருக்கு ஒரு முக்கியமான பாயின்ட் தெரியவில்லை. சங்க கால வள்ளல் நல்லியக்கோடனின் தலைநகரான கிடங்கில், இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அவனைப் பற்றித்தான் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படை பாடினார். ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கித் திரும்புகிற பாணர், எதிரே பசியோடு வருகிற பாணரிடம், 'இந்த வழியாகப் போங்கள், இன்னின்ன ஊர் வரும், சாப்பாடு பிரமாதம், போனால் பரிசு நிச்சயம்' என்று அனுப்பி வைப்பது. வேன், பிரியாணி, தங்கக் காசு எல்லாம் திண்டிவனம் வட்டாரத்தில் அப்போதே நடந்த வியாபாரம்தான். நல்லியக்கோடன் அட்வான்ஸ் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் போனது மே மாதம். அலங்கார வளைவு இருந்தது, கலர் கொடிகள் இருந்தன, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. ஏரியைக் காணோம்.

"ஏரி எங்கப்பா?"

"சார், நீங்க நிக்கிறதே ஏரி ஓரம்தான் சார்."

எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் பாளம் பாளமாக வெடித்த மண். காலடியில் வெளுத்துப்போன நத்தைக் கூடுகள். நாலைந்து ஆடுகள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. நட்ட நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நோட்டீஸில் பாய்மரப் படகு நின்ற இடத்தில் விக்கெட் கீப்பர் நின்றான். எங்களோடு வந்த பேரன் என் கையை உதறிவிட்டு அவர்களோடு ஃபீல்டிங் செய்யப் போய்விட்டான். அன்றைக்கு ஏரியை முழுதாக அனுபவித்தவன் அவன் ஒருவன்தான்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் அதிகமான பாசன ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் எதுவும் காட்சி தருவதற்காக வெட்டப்பட்டதல்ல. சரிவான நிலத்தில் மண் கரை போட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து, மதகு வழியாகக் கழனிக்கு விடுவது அதன் வேலை. தை, மாசியில் வேலை முடிந்துகொண்டே வரும். சித்திரையில் அடியில் கொஞ்சம் சேறு மிச்சமிருந்தால் பெரிது. பள்ளிக்கூடத்துக்கு மே மாதம் லீவு. ஏரிக்கும் மே மாதம்தான் லீவு. இரண்டும் ஒன்றாக லீவு எடுத்துக்கொண்டு ஒன்றை ஒன்று பார்க்காமலே காலம் தள்ளுகின்றன. அரைப் பரீட்சை லீவுக்கு வரலாமே என்றால், ஏரி நிறைந்திருக்கும், வாஸ்தவம். ஆனால் அது மார்கழி. என் மனைவி சபா கேன்டீன்களை விட்டுச் செங்கல்பட்டைத் தாண்ட மாட்டாள்.

இந்தக் கணக்கை நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே டி.வி.எஸ். எக்ஸெல்லில் மாமா வந்து இறங்கினார். மனைவியின் தாய்மாமா, திண்டிவனத்துக்காரர். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி மதகைத் திறந்து மூடியே மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர். நாங்கள் எல்லோரும் ஏரி இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்ததும் வராததுமாக வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"தம்பி, கலிங்கல் எங்க இருக்கு?"

"அதெல்லாம் ஃபேஸ் டூல வருது சார்" என்றார் டை கட்டிய தம்பி.

ஏரி ரொம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் இடம்தான் கலிங்கல் என்று நான் தம்பியின் காதில் சொன்னேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வேனில் வந்தவர்களுக்குச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது 47-ஆம் நம்பர் மனை. ஒரு கிரவுண்ட், வடக்குப் பார்த்தது. கல்லை ஒட்டி ஒரு கருவேல மரம். மாமா மரத்தைச் சுற்றி வந்தார். அடிமரம் என் தோள் உயரம் வரை சாம்பல் பூசினாற்போல வெளிறியிருந்தது. அதற்கு மேல்தான் மரத்தின் சொந்த நிறம். வெளிறல் முடிகிற இடத்தில் காய்ந்த ஆகாயத் தாமரை வேர்கள் முள்ளில் சுற்றிக் கிடந்தன. கவட்டையில் ஒரு ஒற்றை ரப்பர் செருப்பு, இடது கால். மாமா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"மாப்ள, உங்க ஹால்ல ஃபேன் ரெகுலேட்டர் இந்த உயரத்துலதான வரும்?"

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறிய பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரிக்கு மேல் ஏரியாகக் கோடி போய், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருக்கெடுத்து அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. சென்னைக்கு மிக அருகில் இருந்த ஊர்களெல்லாம் அந்த இரண்டு மூன்று நாட்களுக்குச் சென்னையை விட்டு வெகுதூரம் போய்விட்டன.

"அது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற மழை சார்" என்றார் தம்பி.

"இப்பல்லாம் நூறு வருஷம் சீக்கிரம் ஓடிப் பூடுது தம்பி" என்றார் மாமா.

சும்மா சொல்லக்கூடாது, காகிதங்கள் அத்தனையும் சுத்தம். டி.டி.சி.பி. அப்ரூவல், ரெரா நம்பர், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார்கள். 2016-க்கு முன்னால் கழனியில் கல் நட்டுக் கண்டபடி விற்ற காலம் மலையேறிவிட்டது. அ பதிவேட்டைக் கேட்டேன். அதையும் எடுத்துக் காட்டினார்கள். ஏரி தனி சர்வே நம்பர், நம் மனை தனி சர்வே நம்பர், நடுவில் சட்டப்படி இடைவெளி. மாமா கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார். "எல்லாம் கரெக்டா கீது மாப்ள. தண்ணிக்குத்தான் படிக்கத் தெரியாது" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரியாணிக்கு முன்னால் கரை மேல் ஏறிப் பார்த்தோம். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரிந்தது. அத்தனை வீடும் மேட்டில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கிற ஜனம். ஏரியைப் பார்த்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏரியைப் பார்த்து வீடு அமைத்துக்கொண்டவர் ஒருவர்தான், ஐயனார். அவரும் வாசலிலேயே குதிரையைத் தயாராக நிறுத்தி வைத்திருக்கிறார்.

இந்த மாவட்டத்தில் விடுமுறை இல்லம் நடத்தத் தெரிந்த கூட்டம் என்று பார்த்தால் பறவைகள்தான். மரக்காணம் பக்கம் கழுவேலியை 2021-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 5,000 ஹெக்டேருக்கும் மேல். புதுச்சேரி எல்லையில் ஊசுட்டேரி இருக்கிறது. கடல் கடந்து, கண்டம் கடந்து தண்ணீர் இருக்கும் மாதங்களில் வருகின்றன, வற்றியதும் போய்விடுகின்றன. பட்டா கிடையாது, வாட்ச்மேன் சம்பளம் கிடையாது. போர் மோட்டார் எரிந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை காலை போனும் வராது.

என் ஆபீஸில் ஒருவர், ஏரிக்கரை வீடு என்றதும் தோரோவை எடுத்துப் போட்டார். அமெரிக்காவில் 1845-ல் வால்டன் குளக்கரையில் தானே ஒரு குடிசை கட்டி, எளிமையாக வாழ்ந்து, புத்தகமும் எழுதிய மகான். செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று ஆணி விலை வரை கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கில் மனை விலை இல்லை. ஏனென்றால் இடம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. இரண்டு வருஷம் சொச்சம் இருந்துவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ஏரிக்கரையில் வசிக்க இதைவிடச் சிறந்த திட்டத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரு எமர்சன் கிடைத்தால் போதும்.

அதை நான் பிரியாணி இலை முன்னால் உட்கார்ந்தபடி விளக்கிக்கொண்டிருந்தபோது, மனைவி சட்டென்று மாமா பக்கம் திரும்பினாள். அவளுக்கு யோசனைகள் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும்.

"மாமா, உங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான கிடக்கு? ஒவ்வொரு லீவுக்கும் நாங்க அங்கயே வந்து இருந்துக்கறோம். எதுக்கு வீணா மனை, வீடுன்னுகிட்டு?"

மாமா கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டை கட்டிய தம்பியைக் கூப்பிட்டு, சதுர அடிக்கு எவ்வளவு குறைப்பாய் என்று விசாரித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அப்டி ஒண்ணும் பெரிசா தண்ணி வந்துடாது மாப்ள. அஸ்திவாரத்த அஞ்சடி தூக்கிக் கட்டிக்கினா போதும்."