ராகு காலமும் கல்லூரித் தலைவரும்: வரவேற்பியலில் ஓர் ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கல்லூரிக்குப் புதிய தலைவர் வருகிறார் என்றால், அவர் என்ன படித்தவர் என்று விசாரிப்பதற்கு முன்பே, எத்தனை மணிக்குக் கேற்றைத் தாண்டுவார் என்பது முடிவாகிவிடும். கல்வியியலாளர்கள் பாடவிதானத்தைப் பற்றி எழுதினார்கள், பெறுபேற்றைப் பற்றி எழுதினார்கள், இந்த நேரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்ததே வரவேற்பியல். இத்துறையில் இப்போதைக்கு நான் ஒருவனே ஆய்வாளன் என்பதால் அறிஞரிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

கருதுகோள் இதுதான்: தலைவரை நியமிப்பது ஆளுநர் சபையாக இருக்கலாம், அரசாங்கமாக இருக்கலாம், உள்ளே விடுவது ராகு.

சான்றுக்கு வட்டுக்கோட்டைக்குப் போகவேண்டும். டார்ட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்ற டானியல் பூவர் என்ற அமெரிக்க மிஷனரி 1816இல் யாழ்ப்பாணம் வந்தார். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியின் முதல் அதிபரானார். பெயர்தான் செமினரி. தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு படித்தவர்களே.

பூவருக்கும் ராகுவுக்கும் நேரடி மோதல் 1829 மார்ச் மாதம் நடந்தது. அந்த மாதச் சந்திர கிரகணத்துக்கு அயலூரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் ஒரு கணக்குச் சொன்னார். பூவர் வேறொரு கணக்குப் போட்டார். ஊரே வானத்தைப் பார்த்து நின்ற இரவில் சந்திரன் பூவரின் கணக்குப்படி நடந்துகொண்டது. பாம்பு விழுங்குகிறது என்ற புராணக் கதையையும் அவர் அந்தச் சூட்டோடு சேர்த்து அடித்தார். ஆக, வட்டுக்கோட்டையில் ராகு பரீட்சையில் தோற்றுவிட்டார். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. வானத்தில் வேலை போனதும் சுவர்க் கலண்டரில் நிரந்தர நியமனம் வாங்கிக்கொண்டார்.

கலண்டரில் அவர் நிலைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்திலேயே இணங்குவதில்லை; பத்திரிகைகள் இரண்டையும் போட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. கலண்டர் ராகு காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரையான பொழுதை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணித்தியாலம். அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. கிழமை தெரிந்தால் போதும்.

இனிக் கள ஆய்வு. பொறுப்பேற்புக் கடிதங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமையைக் குறிக்கும். திங்களில் ராகு காலம் 7.30 முதல் 9.00 வரை; கல்லூரி கூடும் நேரமும் அதுவே. புதிய தலைவர் நேரந்தவறாதவர் என்றால் எட்டரைக்கே வந்துவிடுவார். வரவேற்புக் குழு காரை மறித்து, “சேர், பக்கத்திலதான் எங்கட வீடு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்” என்று அழைத்துப் போகும். ராகு காலம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தலைவர் வானியல் படித்தவரானாலும் கேட்கமாட்டார். இரண்டாவது தேத்தண்ணியும் வரும்.

இதற்கிடையில் கேற்றடியில் வாழை கட்டியாயிற்று, மாவிலைத் தோரணம் ஆயிற்று, நிறைகுடத்துத் தேங்காய்க்கு மூன்று தரம் முகம் திருப்பியாயிற்று. பாண்ட் வாத்தியப் பெடியன்கள் வெயிலில் தொப்பியைக் கழற்றி விசிறுகிறார்கள். பன்னீர்ச் செம்பை வைத்திருக்கும் பிள்ளை, பொழுது போகாமல் தோழியரின் முகத்தில் தெளித்துத் தெளித்து, தலைவர் வரும்போது செம்பை வெறுமனே ஆட்டுகிறாள். அவரும் நனைந்தவர் போலக் கண்ணை மூடுகிறார். கிறிஸ்தவக் கல்லூரியானால் சந்தனத் தட்டில் ஒரு நுண்ணிய இராசதந்திரம்: சந்தனத்தில் விரல் படும், குங்குமத்துக்கு மேலால் விரல் பறக்கும்.

மாலைகளைப் பற்றித் தனி நூலே எழுதலாம், இங்கே இடமில்லை. முதல் மாலையை யார் போடுவது என்பதில் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைக்கும் லண்டன் கிளைக்கும் வரக்கூடிய மனத்தாங்கல், புதிய தலைவர் ஓய்வுபெறும் நாள் வரை நீடிக்கும் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

வரவேற்புரைகளுக்குப் பொதுவான ஓர் இலக்கணம் உண்டு. நேரம் கருதிச் சுருக்கிக்கொள்வதாகச் சொல்லித் தொடங்கி, நிறுவனர் காலத்துக்குப் போய்விடுவது. வட்டுக்கோட்டை என்றால் 1823. திருநெல்வேலி என்றால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி. பிறகு அதே வளவில் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம். விஞ்ஞான பீடம் முதலில் வட்டுக்கோட்டையில் நடந்ததால் பேச்சு ஒருமுறை அங்கேயும் போய்த் திரும்பும். வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி, அவருக்குப் பின் சு. வித்தியானந்தன். 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகி, தலைவர் பதவி துணைவேந்தர் பதவியாயிற்று. பேச்சாளர் இந்த ஆண்டுக்கு வந்து சேரும்போது மேடைக் கதிரையில் இருக்கும் புதியவரின் பெயர் அவருக்கு மறந்துபோயிருக்கும். பின்வரிசை ஏற்கெனவே றோல்ஸ், கட்லற் வாசம் வரும் திசைக்குத் திரும்பியிருக்கும்.

ஆகவே எந்தக் கிழமை உகந்தது? திங்கள் மேலே கழிந்தது. செவ்வாய் காலையில் ராகு இல்லை. ஆனால் செவ்வாயோ வெறுவாயோ என்று சொல்லும் ஊரில் பொறுப்பேற்க யாருக்குத் துணிவு? வியாழன் ராகு பிற்பகல் 1.30க்கு, ஆனால் காலையில் யமகண்டம் இருக்கிறது என்று ஆச்சிமார் நினைவூட்டுவார்கள். வெள்ளி 10.30க்கு ராகு; வரலாறு பரமேஸ்வராவைத் தாண்டுமுன் வந்துவிடும். மிஞ்சுவது புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது நியமனக் கடிதங்களை மனத்தில் வைத்துத்தான் என்று இவ்வாய்வு துணிகிறது.

எனவே ஆளுநர் சபைகள் இனிப் புதன்கிழமை காலையாகப் பார்த்துக் கடிதம் அனுப்புக. பேச்சாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதனில் ராகு காலம் நண்பகல் 12.00 முதல் 1.30 வரை. அதற்குள் முடித்துவிடுங்கள், சாப்பாடு ஆறிப்போகும்.